தாவர நோயியல் முதுகலை: கையைக் கடிக்காத படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி

நான் சேர்ந்த படிப்பு, என் பட்டியலில் இருந்தவற்றிலேயே கட்டணம் குறைவானது. முடித்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டால், 'விலை அதிகம்' என்று ஒதுக்கிய இரண்டாவது படிப்பைவிட அதிகமாகச் செலவழித்திருந்தேன். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: என் ஆய்வேட்டுக்கு வேண்டிய நோய் அந்த வருடம் வயலில் வரவில்லை. மழை குறைவு, இலையில் ஈரம் தங்கவில்லை, பூஞ்சை தலைகாட்டவில்லை. விவசாயிக்கு நல்ல வருடம், எனக்கு நாசம். அடுத்த பருவம் வரை காத்திருந்ததில் கூடுதலாக ஒரு செமஸ்டர் கட்டணம், வாடகை, காப்பீடு எல்லாம் சேர்ந்து பட்ஜெட்டைத் தின்றுவிட்டன.

ஆகவே இந்தத் துறையில் 'குறைந்த செலவு' என்பதற்கு நான் இப்போது வைத்திருக்கும் அர்த்தம் வேறு. சொன்ன காலத்தில் முடிகிற படிப்பு, ஆய்வுச் செலவை வேறு யாராவது ஏற்கிற படிப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் மலிவு. அதை எப்படித் தேடுவது என்று, நான் தடுக்கி விழுந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எந்தப் பட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தாவர நோயியல் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தருகிற இடங்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் உண்டு. மற்றபடி பெரும்பாலானோர் வேளாண்மை, தோட்டக்கலை, தாவரவியல், நுண்ணுயிரியல் இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு முதுகலையில்தான் நோயியலுக்குள் வருகிறார்கள். பள்ளி முடிக்கிற நிலையில் இருப்பவர்கள் பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் குறைந்த செலவில் கிடைக்கிற இளநிலையில் மரபியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் மூன்றும் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஒரு இடறல் மட்டும் உண்டு. சில நாடுகளில் நோயியல் முதுகலைக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலை இளநிலை கட்டாயம், தாவரவியல் படித்தவர்களை விண்ணப்பிக்கவே விட மாட்டார்கள். வேறு சில நாடுகளில் எந்த உயிரியல் பட்டமும் செல்லும், வேண்டுமானால் இரண்டு பாடங்கள் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். அரசு வேலை எண்ணம் இருந்தால் அந்த வேலைக்கான தகுதி அறிவிப்பை இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். முதுகலை சரியாக இருந்தும் இளநிலை சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், ஆய்வேடு உள்ளதா இல்லாததா? ஆய்வேடு இல்லாத முதுகலை சீக்கிரம் முடியும், பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவன வேலை, விரிவாக்கப் பணி, ஆலோசனைப் பணி என்று போகிறவர்களுக்கு அது போதும். முனைவர் பட்டம் எண்ணம் இருந்தால் ஆய்வேடு வேண்டும். ஆனால் ஆய்வேடு இல்லாத படிப்புக்கு உதவித்தொகை கிடைப்பது கடினம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

'முனைவர்' என்ற சொல்லைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 'டாக்டர் ஆஃப் பிளான்ட் மெடிசின்' என்றும், நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழகத்தில் 'டாக்டர் ஆஃப் பிளான்ட் ஹெல்த்' என்றும் பட்டங்கள் இருக்கின்றன. இவை தொழில்முறைப் பட்டங்கள். நோய், பூச்சி, களை, மண் எல்லாவற்றையும் பாடமாகவும் நேரடிப் பயிற்சியாகவும் படித்து வயலில் போய் நோயறிகிறவர்களுக்கானவை. ஆராய்ச்சியாளராக வேண்டும் என்பவர் தெரியாமல் இதில் சேர்ந்தால் தவறான பேருந்தில் ஏறியது போலத்தான்.

2. சரியான பெயர்களில் தேடுங்கள்

நான் முதல் இரண்டு மாதம் 'பிளான்ட் பேதாலஜி' என்ற ஒரே சொல்லில் தேடிக்கொண்டிருந்தேன். அதில் வந்ததெல்லாம் பெரிய, செலவு அதிகமான இடங்கள். இதே படிப்பு உலகத்தில் வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது: கிராப் புரொடெக்‌ஷன், பிளான்ட் ஹெல்த், பிளான்ட் புரொடெக்‌ஷன், பிளான்ட் மெடிசின், ஃபைட்டோமெடிசின், பிளான்ட்-மைக்ரோப் இன்டராக்‌ஷன்ஸ். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலையின் பெயர் 'கிராப் புரொடெக்‌ஷன்'. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் நோயியல், பூச்சியியலோடு சேர்ந்து 'பிளான்ட் சயின்சஸ்' முதுகலைக்குள் ஒரு பிரிவாக வருகிறது. தலைப்பை மட்டும் பார்த்தால் இவை இரண்டும் கண்ணில் படாது.

பெயர் மாறினால் உள்ளடக்கமும் கொஞ்சம் மாறும். பெயரில் 'பாதுகாப்பு' (புரொடெக்‌ஷன்) என்று இருந்தால் பூச்சியும் களையும் பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். அது குறையில்லை, வேலைக்குப் போகும்போது கைகொடுக்கும். ஆனால் வைரஸ் ஆய்வுதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர் பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்காமல் விண்ணப்பிக்கக் கூடாது.

3. பாடத்திட்டத்தைப் பாருங்கள், அதைவிட ஆட்களைப் பாருங்கள்

பாடத்திட்டத்தில் நான் தேடுவது இவை: பூஞ்சையியல், பாக்டீரியா, வைரஸ், நூற்புழு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பாடமாவது ஒரே பாடத்துக்குள் தனிப் பகுதியாவது, நோய்ப் பரவலியல், நோயறிதல் செய்முறை, புள்ளியியல். கடைசி மூன்றில் ஒன்று இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். குறிப்பாக நோயறிதல். எலைசா, பி.சி.ஆர். ஆகிய இரண்டு நோயறி சோதனைகளையும் கையால் செய்யாமல் ஒருவர் நோயியல் பட்டத்தோடு வெளியே வந்தால் விதை நிறுவன ஆய்வுக்கூடத்திலோ தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்திலோ நேர்முகத் தேர்வில் திணற வேண்டியிருக்கும். செய்முறை வகுப்பில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் என்று பழைய மாணவரிடம் கேளுங்கள். 'பேராசிரியர் செய்து காட்டுவார், நாங்கள் பார்ப்போம்' என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

ஆட்கள் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். துறைப் பக்கத்தில் ஒன்பது பேராசிரியர்கள் பெயர் இருந்தது, நல்ல பெரிய துறை என்று நினைத்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நோயியல் ஆட்கள் மூன்று பேர், அதில் ஒருவர் அந்த வருடமே ஓய்வு பெறுகிறார், இன்னொருவர் வெளிநாட்டில் விடுப்பில் இருக்கிறார். மிச்சம் ஒருவர், அவரிடம் ஏற்கெனவே ஏழு மாணவர்கள்.

இதைத் தவிர்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பேராசிரியரின் பெயரையும் கூகுள் ஸ்காலரில் போட்டு, கடந்த மூன்று வருடக் கட்டுரைகளைத் திறந்து, கட்டுரையைப் படிக்கிறீர்களோ இல்லையோ, கடைசியில் வருகிற நன்றியுரையைப் படியுங்கள். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று அதில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற திட்டம் இருக்கிறவரிடம் மாணவருக்குப் பணம் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய திட்ட எண்ணையே ஐந்து வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் யோசித்துத்தான் போக வேண்டும். அதே கட்டுரைகளில் முதல் ஆசிரியர் மாணவரா என்றும் பாருங்கள், அந்த மாணவர் எத்தனை வருடத்தில் முடித்தார் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

4. உண்மையான செலவை எழுதிப் பாருங்கள்

இணையதளத்தில் பெரிய எழுத்தில் போடுகிற தொகை கற்பித்தல் கட்டணம் மட்டும். அது செமஸ்டருக்கா, வருடத்துக்கா, ஒரு கிரெடிட்டுக்கா என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கிரெடிட் கணக்கு என்றால் மொத்தக் கிரெடிட்டால் பெருக்குங்கள்: அமெரிக்க முதுகலை பொதுவாக 30 கிரெடிட்டை ஒட்டி வரும், ஐரோப்பிய இரண்டு வருட முதுகலை 120 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியக் கிரெடிட்) வரும். இவை இரண்டும் வேறு வேறு அளவுகோல், நேராக ஒப்பிடாதீர்கள்.

அதன் பிறகு வருகிற செலவுகள்தான் நம்மைக் கவிழ்ப்பவை. ஒரு தாளில் இந்த வரிசையில் எழுதுங்கள்: விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மதிப்பெண் ஆவணங்களை மொழிபெயர்த்துச் சான்றளிக்கும் செலவு, விசா, மருத்துவக் காப்பீடு, கட்டாயச் செமஸ்டர் கட்டணங்கள், வாடகை, ஆய்வுக்கூடக் கட்டணம், வயல் பயணம், ஆய்வேடு அச்சும் சமர்ப்பிப்பும். கடைசியாக, கூடுதலாக ஒரு செமஸ்டருக்கான மொத்தச் செலவு. இதை 'நடக்காது' என்று விட்டுவிடாதீர்கள், நான் விட்டேன்.

இலவசம் என்ற சொல்லையும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் கட்டணம் கிடையாது, உண்மைதான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். வேளாண் படிப்புக்குப் பேர்போன ஹோகன்ஹைம் பல்கலைக்கழகம் இருப்பது அந்த மாநிலத்தில்தான். கட்டணமே இல்லாத இடத்துக்குப் போனாலும் விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் (மாதத்துக்கு ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அது உங்கள் பணம்தான், மாதாமாதம் திரும்ப வரும், ஆனாலும் கிளம்புவதற்கு முன் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட தொகைகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கிற மாதத்தில் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி நம் துறைக்கே உரிய செலவு. நீங்கள் எடுக்கிற நோய்க்காரணியைப் பொறுத்து ஆய்வுச் செலவு மலைக்கும் மடுவுக்குமாக மாறும். ஃபியூசேரியம் மாதிரியான பூஞ்சை பி.டி.ஏ. என்கிற உருளைக்கிழங்கு ஊடகத்தில் தானாக வளரும், ஒரு பெட்ரி தட்டும் ஒரு இன்குபேட்டரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. துரு நோய், சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் இவற்றின் காரணிகள் உயிருள்ள செடியில்தான் வாழும், ஊடகத்தில் வளர்க்க முடியாது. ஆகவே இரண்டு வருடமும் பசுமைக்குடிலில் இடம், செடி, ஆள். சில பல்கலைக்கழகங்கள் பசுமைக்குடில் மேசைக்கும் வளர்ப்பு அறைக்கும் வாடகை போடுகின்றன. வைரஸ் என்றால் ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டுகள், மரபணு வரிசையறிதல் செலவு. சைலெல்லா போன்ற, ஐரோப்பிய ஒன்றியம் தனிமைப்படுத்தல் பட்டியலில் வைத்திருக்கிற பாக்டீரியாவைத் தொட அனுமதி பெற்ற மூடிய ஆய்வுக்கூடம் வேண்டும், அது எல்லா இடத்திலும் இருக்காது.

கேள்வி ஒன்றுதான்: இந்தச் செலவு யார் தலையில்? திட்டத்தின் தலையில் என்றால் நல்லது. 'மாணவர் கொஞ்சம் பார்த்துக்கொள்வார்' என்று இழுத்தால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

5. பணம் தருகிற வழிகள்

அமெரிக்கா, கனடா பக்கம் ஆய்வேட்டு முதுகலைக்கும் முனைவர் படிப்புக்கும் ஆய்வு உதவியாளர் பணிதான் முக்கிய வழி. அமெரிக்காவில் பொதுவாக வாரம் 20 மணி நேரம் வேலை, பதிலுக்குக் கற்பித்தல் கட்டணம் தள்ளுபடி, மாதச் சம்பளம். இதில் மூன்று பொறி உண்டு. ஒன்று, தள்ளுபடி கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டும், மற்ற கட்டாயக் கட்டணங்களை நாமே கட்ட வேண்டியிருக்கலாம். இரண்டு, சம்பளம் 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா என்று பாருங்கள், கோடையில் சம்பளம் நிற்கும், வயல் வேலை நிற்காது. மூன்று, 'முதல் வருடத்துக்கு' என்று எழுதியிருந்தால் இரண்டாம் வருடத்துக்கு எதைப் பொறுத்து நீட்டிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். முதுகலையைவிட முனைவர் படிப்புக்குப் பணம் கிடைப்பது எளிது, சில துறைகள் இளநிலை முடித்தவரை நேராகவே முனைவர் படிப்புக்கு எடுக்கும். ஆய்வில் உறுதியாக இருந்தால் அந்த வழியையும் கேட்டுப் பாருங்கள்.

ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டுஸ் என்ற, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு முதுகலைகள் இருக்கின்றன. தேர்வானால் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம், கட்டணமும் கிடையாது. போட்டி கடுமை. எந்தெந்தப் படிப்பு என்ற பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும், தாவர நலம் சார்ந்தது இந்த வருடம் இருக்கிறதா என்று அதிகாரப்பூர்வப் பட்டியலில் பார்க்க வேண்டும்.

வேலை அனுபவம் இருப்பவர்கள் ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. நடத்தும் 'இ.பி.ஓ.எஸ்.' திட்டத்தைப் பாருங்கள். வளரும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கானது, வேளாண்மைக்குத் தனிப்பிரிவு உண்டு. பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருட வேலை அனுபவம் கேட்பார்கள், கடைசிப் பட்டம் பொதுவாக 6 வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். படிப்பு முடித்த உடனே கிளம்பத் துடிக்கிறவர்கள் இரண்டு வருடம் ஒரு விதை நிறுவனத்திலோ ஆய்வு நிலையத்திலோ வேலை பார்த்துவிட்டு இதற்கு விண்ணப்பித்தால் மொத்தச் செலவே மாறிவிடும். என்னிடம் இதை அப்போது யாரும் சொல்லவில்லை.

சொந்த நாட்டிலேயே அரசு வேளாண் பல்கலைக்கழகத்தில் படிப்பதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். பல நாடுகளில் நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் கட்டணமும் குறைவு, மாத உதவித்தொகையும் கிடைக்கும். வெளிநாடு என்பதை முனைவர் படிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று முதலிலிருந்து தொடங்கினால் நான் இதைத்தான் செய்வேன்.

6. பேராசிரியருக்கு எழுதும் கடிதம்

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பல துறைகளில், குறிப்பாக வட அமெரிக்காவில், 'இவரை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு பேராசிரியர் சொன்னால்தான் சேர்க்கை. இது தெரியாமல் நான் நான்கு இடத்துக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்தேன். நான்கிலிருந்தும் ஒரே வரியில் நிராகரிப்பு. ஒரு இடத்தில் மட்டும் அலுவலகத்தில் இருந்த ஒரு நல்ல மனிதர், 'உங்கள் கோப்பை யாருமே திறக்கவில்லை, நீங்கள் யாருக்கும் எழுதவில்லையே' என்று பதில் போட்டார்.

கடிதம் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. நீங்கள் யார், என்ன படித்தீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதுகிறீர்கள், உங்களுக்குக் கையால் என்ன செய்யத் தெரியும், அடுத்த சேர்க்கைக்கு அவரிடம் இடமும் பணமும் உண்டா. கையால் தெரிந்ததை எழுதும்போது சின்ன விஷயம் என்று கூச்சப்பட வேண்டாம். ஒற்றை வித்து முறையில் பூஞ்சையைப் பிரித்தெடுத்திருக்கிறேன், காக் விதிகளை (இந்த நுண்ணுயிர்தான் இந்த நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்கும் படிகள்) ஒரு நோய்க்கு முழுதாகச் செய்து முடித்திருக்கிறேன், 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் தரவைப் பகுத்திருக்கிறேன் என்று எழுதினால், 'ஆராய்ச்சியில் பேரார்வம் கொண்டவன்' என்பதைவிடப் பத்து மடங்கு வேலை செய்யும். 'ஆர்' இலவசம், வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரே துறையில் மூன்று பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவர்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பவர்கள்.

7. ஆவணங்கள்

இதில்தான் நாட்கள் கரையும். பொதுவாகக் கேட்பவை: கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், எல்லாச் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் சேர்ந்த டிரான்ஸ்கிரிப்ட், மதிப்பெண் முறையை விளக்கும் பக்கம், சில இடங்களில் சிலபஸ், இரண்டு அல்லது மூன்று பரிந்துரைக் கடிதம், நோக்க அறிக்கை, சுயவிவரம், மொழித் தேர்வு மதிப்பெண்.

கடவுச்சீட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். தலைப்பெழுத்தை ஒன்றில் சுருக்கியும் ஒன்றில் விரித்தும் எழுதியிருந்தால் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். திருத்தம் மாதக்கணக்கில் ஆகலாம்.

டிரான்ஸ்கிரிப்டை முத்திரையிட்ட உறையில் கூடுதலாக மூன்று நான்கு பிரதிகள் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். ஆனால் கேட்காத இடத்துக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துக்கு ஸ்கேன் பிரதியை ஏற்றுக்கொண்டு, இடம் கிடைத்த பிறகுதான் அசலைக் கேட்கின்றன. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். மாதிரியான நிறுவனங்களின் அறிக்கையும் அப்படித்தான், கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

சிலபஸ் விஷயம் நோயியல்காரர்களுக்கு முக்கியம். தாவரவியல், நுண்ணுயிரியல் பின்னணியில் இருந்து வருகிறவர்கள் 'நான் நோயியல் படித்திருக்கிறேன்' என்று நிரூபிக்க, அந்தப் பாடத்தின் சிலபஸைக் கல்லூரி முத்திரையோடு வைத்திருந்தால் கூடுதல் பாடங்களிலிருந்து தப்பிக்கலாம். ஒரு பாடம் குறைந்தால் ஒரு பாடத்துக்கான பணமும் நேரமும் மிச்சம்.

ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் 2 வருடம்தான் செல்லும், ஜி.ஆர்.இ. என்ற முதுகலை நுழைவுத் தேர்வு மதிப்பெண் 5 வருடம். நான் ஆர்வக்கோளாறில் சீக்கிரமே மொழித் தேர்வு எழுதி, விண்ணப்பிக்கும்போது மூன்று வாரத்தில் காலாவதி. மறுபடியும் பணம். ஆங்கிலவழியில் படித்தவர்களுக்குக் கல்லூரி தருகிற பயிற்றுமொழிச் சான்று போதும் என்கிற பல்கலைக்கழகங்களும் உண்டு. ஜி.ஆர்.இ.-யை நிறையத் துறைகள் கைவிட்டுவிட்டன, ஆகவே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஜெர்மனிக்குச் சில பல்கலைக்கழகங்கள் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன, முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30 யூரோ. நேரடியாக வாங்குகிற பல்கலைக்கழகங்களை முதலில் பாருங்கள். இந்தியா, சீனா, வியட்நாம் பட்டதாரிகளுக்கு பட்ட ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் என்று ஒன்று கேட்பார்கள், அதற்கான காத்திருப்பைத் தனியாகக் கணக்கிடுங்கள். இதில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. நம் துறையில் ஏ.பி.எஸ். என்றால் அமெரிக்கத் தாவர நோயியல் சங்கம். அந்தச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமோ என்று அரை நாள் அலைந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

8. காலக்கணக்கு: நோய்க்கும் ஒரு நாட்காட்டி உண்டு

வடக்கு அரைக்கோளத்தில் படிப்பு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும். பின்னோக்கி எண்ணுங்கள். பேராசிரியர்களுக்கு எழுதுவது முந்தைய வருடம் ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள். எராஸ்மஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து ஜனவரிக்குள் மூடும். உதவியாளர் பணி வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும், கடைசித் தேதி இன்னும் தள்ளியிருந்தாலும் பணம் அதற்குள் பங்கு பிரிந்துவிடும். விசாவுக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள்.

இனி யாரும் சொல்லாத நாட்காட்டி. நோய் வருவதற்கு மூன்று சேர வேண்டும்: நோய்க்கு இடம் கொடுக்கிற பயிர், நோய்க்காரணி, ஒத்துவரும் சூழல். ஒன்று இல்லையென்றாலும் முக்கோணம் உடைந்துவிடும், உங்கள் ஆய்வேடும் சேர்ந்தே உடையும். ஆகவே தலைப்பை முடிவு செய்யும்போது கேளுங்கள்: இந்தப் பயிர் இங்கே வருடத்துக்கு எத்தனை முறை? படிப்புக் காலத்தில் எனக்கு எத்தனை பருவம் கிடைக்கும்? வயலில் நோய் வராவிட்டால் செயற்கையாகத் தொற்றவைக்க வசதி உண்டா?

ஒரு வருட முதுகலை பார்ப்பதற்கு மலிவு. ஆனால் செப்டம்பரில் தொடங்கி பாடம் முடித்து, ஆய்வேட்டுக்கு உட்காரும்போது ஒரே ஒரு கோடைதான் இருக்கும். அங்கே வயல் தலைப்பு எடுப்பது சூதாட்டம், ஆய்வுக்கூடத்திலேயே முடிகிற தலைப்பை எடுங்கள். இரண்டு வருடப் படிப்பில் முதல் பருவத்திலேயே மாதிரி சேகரிக்க இறங்கிவிட வேண்டும், பாடம் முடியட்டும் என்று காத்திருந்தால் என் கதைதான். மரப்பயிர்களை முதுகலைக்கு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் சிட்ரஸ் கிரீனிங் மாதிரியான நோயில் தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும், காரணியையும் ஊடகத்தில் சாதாரணமாக வளர்க்க முடியாது.

வேறு நாட்டிலிருந்து நோய்க்காரணியின் மாதிரியை வரவழைக்கிற திட்டம் என்றால் இறக்குமதி அனுமதி வேண்டும், அது உங்கள் செமஸ்டருக்காகக் காத்திருக்காது. அனுமதி ஏற்கெனவே கையில் இருக்கிறதா என்று பேராசிரியரைக் கேளுங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது பதில் இல்லை. நீங்களே ஊரிலிருந்து நோயுற்ற இலையைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுபோகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது சட்டத்தை மீறுவது. நோயியல் படிக்கப் போகிறவர் அதில் பிடிபட்டால் அவமானமும் கூட.

9. இடம் கிடைத்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்

சந்தோஷத்தில் உடனே 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிற ஒரு பொது உடன்பாட்டின்படி, உதவித்தொகையோடு வருகிற அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன்னால் அவசரப்படுத்தினால் இதைப் பணிவாக நினைவூட்டலாம். வேறு இடத்திலும் அழைப்பு வந்திருந்தால் அதைச் சொல்லிக் கொஞ்சம் கூடக் கேட்பதில் தப்பில்லை, மிஞ்சிப்போனால் முடியாது என்பார்கள்.

கடிதத்தில் இவை எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்: மாதத் தொகை, எத்தனை மாதம், எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி, காப்பீடு யார் பொறுப்பு, வழிகாட்டியின் பெயர். வாய்மொழியாகச் சொன்னதை மின்னஞ்சலில் 'நீங்கள் சொன்னது இதுதானே' என்று கேட்டு, ஆமாம் என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுப் பொருட்களின் செலவு பற்றி என்னிடம் சொன்னதை நான் எழுத்தில் வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் துறைத் தலைமை மாறியது, புதியவருக்கு அப்படி எதுவும் தெரியாது.

பழைய மாணவர் இருவரிடமாவது பேசுங்கள், ஒருவர் முடித்தவர், இன்னொருவர் இப்போது படிப்பவர். 'நல்ல துறையா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்ல துறை என்றுதான் சொல்வார்கள். எத்தனை செமஸ்டரில் முடித்தீர்கள், உங்களோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இன்னும் முடிக்கவில்லை, வரிசையறிதலுக்குக் கையிலிருந்து பணம் கொடுத்தீர்களா, பசுமைக்குடிலில் இடம் கிடைக்க எத்தனை வாரம் ஆனது. நான் இந்த நான்கு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் இரண்டாவது படிப்பில்தான் சேர்ந்திருப்பேன்.